கணினி சொன்னதைக் கேட்டோமா?

பழைய கணினி எழாவிட்டால், ‘கெட்டுவிட்டது’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அலோர் காஜா தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு அதுவே முதல் கணினியாகலாம். ஒதுக்குமுன் அது சொன்னதைக் கேட்டோமா?

லினக்ஸின் மையக்கருவான கெர்னல், தொடங்கும்போதே வன்பொருள்களைப் பற்றிச் செய்தி தருகிறது. வன்தட்டு தயாராகாத அந்நேரத்தில் அவை நினைவகத்தில் மட்டுமே தங்கும். கணினி எழுந்துவிட்டால் ‘டிமெஸ்ஜி’ கட்டளை அவற்றைக் காட்டும். இடையில் நின்றாலோ மின்சாரத்தோடு மறையும். அப்போது சீரியல் கம்பியால் இன்னொரு கணினியை இணைத்து, தொடக்கக் கட்டளையில் சீரியல் முனையையும் 115200 என்ற வேகத்தையும் குறித்தால், செய்திகளை அங்கே பதிவு செய்யலாம். மிகத் தொடக்கத்திலேயே நின்றால் ‘ஏர்லிபிரிண்ட்கே’ உதவும்.

சின்னத்தைக் காட்டிச் செய்தியை மறைப்பது அழகுதான். பழுது பார்ப்பவருக்கோ தடை. நம் தமிழ்ச் சங்கப் பட்டறைகள் தட்டச்சோடு இதையும் கற்பிக்கட்டும். நோயறியாமல் மருந்தில்லை.