நலம் நாடுவோம்: குருதி கூறும் சாட்சி

மனிதரைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் சுவாசப்பையில் தோன்றுவது மிகவும் வஞ்சகமானது. கையிலோ கழுத்திலோ ஒரு கட்டி எழுந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படும். சுவாசப்பையின் உட்புற இழையத்துக்கோ வலியை உணரும் இயல்பு இல்லை. அதனைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கே அவ்வுணர்ச்சி உண்டு. ஆதலால், உள்ளே கட்டி வளர்ந்து அச்சவ்வைத் தொடும் வரையிலும், அல்லது இருமலில் இரத்தம் வெளிப்படும் வரையிலும், நோயாளி தம் வேலையைத் தாம் பார்த்துக் கொண்டு நடமாடுகிறார். வைத்தியரிடம் வரும்போது நோய் பல சமயங்களில் வேறு உறுப்புகளுக்கும் பரவிவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் இந்நோயினால் மாண்டனர். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கவரவில்லை.

சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டுவிட்டால் சத்திரசிகிச்சையினால் அதனை அகற்றிவிட முடியும். ஆகவே, எவ்வளவு விரைவாகக் காண்பது என்பதே இங்கு உயிர்நாடியான வினாவாகும். சாதாரண எக்ஸ்றேப் படத்தில் சிறு கட்டிகள் தப்பிவிடுவதுண்டு. குறைந்த கதிர்வீச்சுடன் எடுக்கப்படும் சீ.ரி. ஸ்கான் படம் அவற்றை நன்கு காட்டுகிறது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு தொடங்கி, நெடுங்காலம் புகைத்த 53,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பெற்ற பெரும் பரிசோதனையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. எக்ஸ்றே எடுக்கப்பட்டோரைவிட ஸ்கான் எடுக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த மரணங்கள் நூற்றுக்கு 20 வீதம் குறைந்திருந்தன.

ஆயினும், அங்கு எடுக்கப்பட்ட ஸ்கான் படங்களுள் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஐயத்திற்குரியதாகத் தோன்றியது. அவ்வாறு ஐயுறப்பட்டவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோய் அன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. இடைக்காலத்தில் அம்மக்கள் பட்ட மனக்கலக்கத்தை யார் அளந்து கூற வல்லார்? மேலும், விலையுயர்ந்த இயந்திரத்தை எல்லா ஊர்களிலும் வைத்துவிட இயலாது. ஆகவே, ஸ்கான் இயந்திரத்தின் முன் யாரை முதலில் அனுப்ப வேண்டும் என்பதை எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று சொல்லுமா என ஆராய்ச்சியாளர் சிந்திக்கலாயினர்.

இவ்விடத்தில் நம் குருதியின் அமைப்பை மாணவர் நினைவுகூர்தல் நன்று. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்கலங்கள் உள்ளன. வெண்கலங்களோ 4,000 முதல் 11,000 வரையிலேயே உள்ளன. தொகையிற் சிறியவையாயினும் இவையே உடலின் காவற்படையாகும். 1882இல் இத்தாலி நாட்டு மெசினா நகரிலே, நட்சத்திர மீனின் இளங்குஞ்சின் உடலில் முள்ளொன்றைச் செருகி வைத்து, நடமாடும் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து கொள்வதைக் கண்டார் இலியா மெச்னிகொவ் என்னும் ருஷ்ய அறிஞர். ஜேர்மனியரான போல் ஏர்லிக் சாயங்களை ஊட்டி வெண்கலங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டினார். இவ்விருவருக்கும் 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உடலிலே அவ்வப்போது தோன்றும் புற்றுக்கலங்களை உடலின் காவலே களைந்துவிடுகிறது போலும் என்ற கருத்தை ஏர்லிக் 1909ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

காவலருள் பீ-கலங்கள் எனப்படுவன, அந்நியப் பொருளைக் கண்டதும் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கிக் குருதியிலே கலந்துவிடுகின்றன. புற்றுக்கலம் நம் சொந்தக் கலத்திலிருந்தே பிறந்ததாயினும், அதன் புரதங்கள் சில உருமாறியோ, தமக்கு உரியதல்லாத இடத்தில் தோன்றியோ, மிகுதியாகச் சுரந்தோ இருப்பதுண்டு. பீ-53 என்னும் புரதம் அத்தகையவற்றுள் ஒன்று. அதனைக் கண்ணுறும் பீ-கலங்கள் பல்கிப் பெருகி எதிரிகளைச் சுரக்கின்றன. கட்டி மிகச் சிறிதாயினும், அதனால் எழுந்த எதிரிகள் குருதியில் அளந்தறியத்தக்க அளவுக்குப் பெருகக்கூடும்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். நள்ளிரவில் வேலியைப் பிரித்து நுழையும் கள்வனை நாம் காண்பதில்லை. ஆனால் ஊர் நாய்கள் குரைக்கின்றன. அவ்வொலி கேட்டு நாம் விளக்கை ஏற்றுகிறோம். இரத்தப் பரிசோதனை அக்குரைப்பொலி. ஸ்கான் படம் அவ்விளக்கு.

இம்முறையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த பெருமை ஸ்கொத்லாந்துக்கு உரியது. ஏழு வகையான பிறபொருளெதிரிகளை அளக்கும் பரிசோதனை ஒன்றைக் கொண்டு, 2013இல் அங்கே ஆராய்ச்சி தொடங்கியது. 50 முதல் 75 வயது வரையான, நோய் வரக்கூடிய அபாயம் மிகுந்த புகைப்போரும் முன்னர் புகைத்தோருமான 12,208 பேர் இதிற் சேர்ந்தனர். ஒரு பாதியினருக்கு இரத்தம் சோதிக்கப்பட்டது. மறு பாதியினருக்கு வழக்கமான வைத்தியக் கவனிப்பே அளிக்கப்பட்டது. சோதனையில் ஐயம் தோன்றியவர்களுக்கு எக்ஸ்றேயும் ஸ்கானும் எடுக்கப்பட்டன. முதல் ஸ்கானில் நோய் காணப்படாவிடில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டாண்டு வரையும் மீண்டும் ஸ்கான் எடுக்க ஏற்பாடாயிற்று.

முடிவுகள் 2020இல் வெளியாயின. இரத்தம் சோதிக்கப்பட்ட பிரிவில் இரண்டாண்டுக்குள் 56 பேருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் காணப்பட்டது. அவர்களுள் 33 பேருக்கு நோய் முற்றிய நிலையில் இருந்தது. மறு பிரிவில் நோய் காணப்பட்ட 71 பேருள் 52 பேருக்கு அது முற்றியிருந்தது. எனவே, சோதனையின் பயனாக நோயை முற்றுமுன்னரே காணும் வாய்ப்புப் பெருகிற்று எனலாம். எனினும் அந்த இரண்டாண்டுக் காலத்தில் இரு பிரிவினரின் மரணத் தொகையில் உறுதியான வேறுபாடு எதுவும் நிலைநாட்டப்படவில்லை.

இன்னொரு கணக்கையும் வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். சோதனையில் ஐயம் தோன்றியவர் 598 பேர். அவர்களுள் 18 பேருக்கே இரண்டாண்டுக்குள் புற்றுநோய் காணப்பட்டது. எஞ்சிய 580 பேர் விடயத்தில் நாய்கள் காற்றசைவுக்குக் குரைத்தன போலும். மறுபுறம், நோய் காணப்பட்ட 56 பேருள் 38 பேரின் குருதி, ‘ஐயமில்லை’ என்றே முன்னர் கூறியிருந்தது! கள்வன் நுழைந்தபோதும் நாய்கள் உறங்கிவிட்டன. ஆரம்ப நிலையில் இருந்த 23 பேருள் 12 பேரை மட்டுமே சோதனை சுட்டிக் காட்டிற்று.

இங்கேதான் பெரும் ஆபத்து மறைந்திருக்கிறது. ‘ஐயமில்லை’ என்னும் சீட்டைக் கையிற் பெற்ற ஒருவர், அதனை நலச் சான்றிதழாக எண்ணிக் கொண்டு, வைத்தியசாலை வாயிலிலேயே அடுத்த சிகரட்டைப் பற்றவைப்பாராயின், அச்சீட்டு அவருக்கு நன்மையன்று, தீமையே செய்ததாகும். அவ்வாறே, ஆய்வுகூடங்களில் வழக்கமாகச் செய்யப்படும் இரத்தக் கல எண்ணிக்கை சீராக இருக்கிறது என்பதனால் புற்றுநோய் இல்லை என்று முடிவு கட்டுதலும் தவறு.

இந்நாளில் ஆராய்ச்சியாளர் பிறபொருளெதிரிகளோடு அமையாமல், வெண்கலங்களையே நேராக ஆராயத் தலைப்பட்டுள்ளனர். ரீ-கலம் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் பகைவனை அடையாளம் காணும் வாங்கிகளைத் தாங்கி நிற்கிறது. கோடிக்கணக்கான அவ்வாங்கிகளைக் கணிப்பொறியின் துணையுடன் வாசித்து, அவற்றுள் புற்றுநோயின் சுவடு உண்டா எனத் தேடுகின்றனர். இப்பணி எளிதன்று. தடிமனும் காய்ச்சலும் காசநோயும் வெண்கலங்களைக் கிளர்ந்தெழச் செய்கின்றன. புகைத்தல் ஒன்றே அவற்றின் தொகையை உயர்த்திவிடுகிறது. இத்தனை ஆரவாரத்தின் நடுவே புற்றுநோயின் மெல்லிய குரலைப் பிரித்தறிதல் வேண்டும். ஸ்கான் படத்தின் இடத்தைப் பிடிக்கத்தக்க இரத்தப் பரிசோதனை இன்னும் உருவாகவில்லை.

அதுவரை நாம் செய்யத்தக்கது யாது? 1950ஆம் ஆண்டில் றிச்சட் டொல், பிறாட்போட் ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், சுவாசப்பைப் புற்றுநோயுற்ற 649 ஆடவரைப் பற்றிய விபரங்களை வெளியிட்டனர். அவர்களுள் புகையாதவர் இருவரே! அந்த ஆராய்ச்சியின் போக்கிலேயே டொல் தாமும் புகைத்தலைக் கைவிட்டார். விஞ்ஞானி ஒருவர் தம் கண்டுபிடிப்புக்குச் செலுத்திய நேர்மையான மரியாதை அது. புகையாதவருக்கும் இந்நோய் வருவதுண்டு என்பது உண்மையே. ஆயினும் புகைத்தலைக் கைவிடுவதைப் போன்ற காப்பு வேறொன்றில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், குரல் கம்முதல், நெஞ்சு நோவு, மூச்சிரைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், ‘எந்த இரத்தப் பரிசோதனை செய்யலாம்?’ என்று அயலாரிடம் விசாரித்துக் காலங் கடத்தாது, நேரே வைத்தியரிடம் செல்லுங்கள். வீட்டிலே இருமிக் கொண்டிருக்கும் பெரியவர், ‘இது புகையிலை இருமல், பழகிப் போனது’ என்று கூறித் தட்டிக் கழித்தால், பிள்ளைகள் அதனைக் கேட்டு வாளாவிருத்தல் ஆகாது. அன்போடு கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். குருதியின் சாட்சி தெளிவாகும் நாள் வரும். அதுவரை வீட்டாரின் கண்களும் காதுகளுமே முதற் காவலாக இருக்கட்டும்.