விரல் போனதுக்கு ‘கவனக்குறைவு’னு பேர் வைக்காதீங்க

1/ பேண்ட் சா மிஷின்ல விரல் போய் அரசு மருத்துவமனைக்கு வர்றவங்க கூடவே பெரும்பாலும் ஒரு வாக்கியமும் வரும்: “அவன் கவனமா இல்ல சார்.” திருப்பாதிரிப்புலியூர் மரப்பட்டறை முதலாளிகளே, இந்தச் சாக்கு போதும்.

2/ மழுங்கின பிளேடு அறுக்காது. தொழிலாளி அழுத்தித் தள்ளணும். மரம் சட்டுனு விட்டுக்கொடுத்தா கை நேரா பிளேடுலதான் போய் விழும். இதுல குறைஞ்சது யாரோட கவனம்?

3/ தினமும் சில நிமிஷ வேலைதான். மெயின் சுவிட்சை அணைங்க. பல் இடுக்குல விரிசல் இருக்கானு பாருங்க. சக்கரத்து ரப்பர்ல ஒட்டின மரத்தூளைச் சுரண்டுங்க. பிளேடு டென்ஷன், கைடு சரிபாருங்க. மழுங்கியிருந்தா சாணை பிடிங்க, இல்ல மாத்துங்க. அறுக்கும்போது மேல் கார்டு மரத்தை ஒட்டி இறங்கியிருக்கணும்.

4/ “கார்டு போட்டா வேலை ஓடாது.” ஆபத்தான பாகத்தை மூடணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவே அப்பவே சொல்லியிருந்துச்சு. “எங்ககிட்ட நாலு பேர்தான், அந்தச் சட்டம் வராது.” சரி. நாலு பேருக்கும் ரத்தம் வராதா?

5/ 1923 இழப்பீட்டுச் சட்டப் பட்டியல்ல கட்டைவிரல் போனா 30% இழப்புனு இருந்துச்சு. உளி பிடிக்கிற தச்சருக்கு அது 100%.

6/ கதவு, ஜன்னல் செய்யக் கொடுக்கப் போற நீங்களும் கேளுங்க: “பிளேடை கடைசியா எப்போ பார்த்தீங்க? கார்டு எங்க?” விலை பேசுற வாய்தானே, இதையும் கேட்கலாம்.