பிடி அரிசியும் இரகசியப் பையும்



ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கோவில்பட்டிக் கரிசற்சீமையில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் விதைத்தவன் வானத்தை நோக்கிக் கைகூப்பி நிற்கிறான். அதே தெருவில், தீப்பெட்டிக் கூலியை நம்பியிருப்பவள் அதே வானத்தைக் கலக்கத்தோடு பார்க்கிறாள். கைத்தொழிலாகச் செய்யும் தீப்பெட்டிக்கு, மருந்து தோய்த்த குச்சி உலர வெயில் வேண்டும். அடைமழை நீடித்தால் வேலை குறையும். மழை பொய்த்தாலோ முன்னவன் வீட்டில் அடுப்பு எரியாது. எந்த ஆண்டாயினும் இல்லாமை ஏதேனும் ஒரு வீட்டில் குடியிருக்கத்தான் செய்கிறது.

அது எந்த வீடு என்பதைத் தொலைவிலிருப்போர் அறியார். அண்டை வீட்டாரே அறிவர். ஆகவேதான் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிந்தோம்.

இச்சபை 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தது. திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று எதிர்த்தரப்பு மாணவர் ஏளனமாய்க் கேட்டபோது, பிரடெரிக் ஓசானாம் என்னும் 20 வயது மாணவரும் அவர்தம் தோழரும் வாய்ப்பேச்சை விடுத்து ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றனர். எவ்வீட்டுக்குச் செல்வதென்று காட்டியவர் ரோசலி ரெந்து என்னும் அருட்சகோதரி. ஓசானாம் 1997இல் முத்திப்பேறு பட்டம் பெற்றார். அங்கத்தினர் இருவர் இருவராய் வீடு சந்திப்பதும், கூட்டத்தில் இரகசியப் பையைச் சுற்றிவிடுவதும் இன்றும் தொடர்கின்றன. அப்பையில் யார் எவ்வளவு இட்டார் என்பதை எவரும் அறியார். திருமண வீட்டு மொய்ப்பணத்தை ஒலிபெருக்கியில் அறிவித்துப் பழகிய நம்மவர்க்கு இது சற்றுக் கடினமே!

“கொடுத்தால் குடித்துவிடுவான், சாமி” என்று சிலர் தட்டிக் கழிப்பதுண்டு. வீட்டிற்கே சென்று பார்ப்பவர் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. குடிப்பவனுடைய பிள்ளைக்கும் பசிக்குமே!

முற்காலத்தில் தாய்மார் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்டுவைத்து, சேர்ந்ததைக் கோவிலுக்குக் கொடுப்பர். 2011 முதல் நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். எனவே பிடி அரிசியின் காலம் முடிந்துவிட்டது என்பர். அரிசிக் கவலை குறைந்தது உண்மையே. ஆனால் நோயாளியைத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அழைத்துச் செல்பவளின் வழிச்செலவு? அவள் இழக்கும் கூலி? பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்? வீட்டு வாடகை? ஒரு பிடி அரிசியின் விலையை நாள்தோறும் உண்டியலில் இட்டுவரும் குடும்பம், ஆண்டிறுதியில் இவற்றுள் ஒன்றையேனும் தாங்கும்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சேலை வழங்க எண்ணுவோர், வாங்குமுன் சபை அங்கத்தினர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம். அவ்வீட்டுப் பாட்டிக்கு வேண்டுவது மூக்குக்கண்ணாடியாக இருக்கலாம்.