ஏஐ பதில் சொல்லும்போது இந்த இணையதளங்கள் எதற்கு? புக்மார்க் செய்ய வேண்டிய ‘ஆதார’ முகவரிகள்

2023 ஜூன் மாதம். நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தது நீதிமன்றம். சாட்ஜிபிடி எடுத்துக்கொடுத்த பழைய தீர்ப்புகளை அவர்கள் மனுவில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். பிரச்னை என்னன்னா, அப்படி வழக்குகளே நடக்கவில்லை!

பதில் வேறு, ஆதாரம் வேறு. நூலகத்தில் எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று கைகாட்டுவார்கள். ரெஃபரன்ஸ் தளங்கள் செய்வதும் அதையேதான். நல்ல செய்தி, இதில் பல தளங்கள் இலவசம்.

தமிழில் என்ன இருக்கு?

* சொல்லுக்குப் பொருள் வேண்டுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் அதைத் தேடலாம். ஒரு சொல் எந்த நூலில் ஆளப்பட்டிருக்கிறது என்பதும் பல இடங்களில் கிடைக்கும்.

* பழந்தமிழ் இலக்கியம் தேடுகிறீர்களா? 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தயாரித்த மின்னூல்கள் இருக்கின்றன.

* பழைய நூல்கள், இதழ்கள், ஓலைச்சுவடிகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் இங்கே படிக்கலாம்.

* ஈழத்து நூல்கள், பத்திரிகைகளுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் தளம்.

ஆபீஸ் வேலைக்கு எது உதவும்?

வாட்ஸ்அப்பில் ‘நீதிமன்றம் அதிரடி தீர்ப்பு’ என்று ஃபார்வேர்டு வந்தால், இந்தியன் கானூன் தளத்தில் அந்தத் தீர்ப்பையே தேடிப் படிக்கலாம். பாடநூல், ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஐஐடி காரக்பூர் உருவாக்கிய தேசிய மின்னூலகம் உண்டு.

ஒரு நிறுவனம் தன் இணையதளத்தில் இருந்த வாக்குறுதியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டதா? இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். பழைய பக்கம் சேமிக்கப்பட்டிருந்தால், தேதியோடு கிடைக்கும்.

சும்மா ஜாலிக்கு?

நாசாவின் ‘இன்றைய வானியல் படம்’ 1995 முதல் தினமும் ஒரு படம், அதற்கொரு சின்ன விளக்கம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பிறந்தநாளன்று என்ன படம் வந்தது என்று தேடுவதே தனி குஷி. ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தேட எடிமான்லைன் இருக்கிறது. ‘கறி’யும் ‘கட்டுமர’மும் ஆங்கிலத்துக்குள் போன கதையை அங்கே படிக்கலாம்.

இவை எப்போதும் இருக்குமா?

உத்தரவாதம் இல்லை. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது சைபர் தாக்குதல் நடந்தது. சுமார் 3.1 கோடி பயனர் கணக்குகளின் தகவல்கள் திருடுபோயின. தளமும் சில நாள்கள் முடங்கியது. அதற்கு முந்தைய மாதம்தான், மின்னூல்களை இரவல் கொடுத்தது தொடர்பான வழக்கின் மேல்முறையீட்டிலும் பதிப்பகங்களிடம் தோற்றிருந்தது.

ஒரே இடத்தில் மட்டும் இருப்பது அழிந்தால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் பார்த்துவிட்டது. 1981-ல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, மீட்கவே முடியாத சுவடிகளும் சேர்ந்து சாம்பலாயின. வேறு பிரதி இருந்தவை மட்டுமே தப்பின. ஸ்கேன் செய்து பல இடங்களில் சேமிப்பது எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரியும்.

நாம் என்ன செய்யலாம்?

ஏஐயிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால், அது சொல்லும் நூலும் தீர்ப்பும் நிஜமாகவே இருக்கிறதா என்று மேலே சொன்ன தளங்களில் ஒரு தடவை செக் பண்ணுங்கள். முக்கியமான இணையப் பக்கம் கண்ணில் பட்டால், வேபேக் மெஷினில் நீங்களே சேமித்து வைக்கலாம். வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் கிடக்கிறதா? எடைக்குப் போடும் முன், ஸ்கேன் செய்யும் அமைப்புகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேறெங்கும் இல்லாத பிரதி அதுவாகக்கூட இருக்கலாம்.