அங்குசமா, அம்பாரியா?

"யானையே வாங்கியாச்சு, அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று ஒரு பழைய பேச்சு உண்டு. கார் ஷோரூம்களில் இந்தப் பேச்சுக்கு இன்றைக்கும் நல்ல மரியாதை! பன்னிரண்டு லட்சம் போட்டு வண்டி எடுக்க வருகிறவரிடம், "இன்னும் ஒரு லட்சம்தானே சார், டாப் எண்டாவே எடுத்துருங்க" என்கிறார்கள். கேட்பவருக்கும் அது நியாயமாகவே படுகிறது. பன்னிரண்டுக்கு முன்னால் ஒன்று என்ன பெரிய தொகை?

ஆனால் அந்த ஒரு லட்சத்தில் வருவது அங்குசமா, அம்பாரியா என்று யாரும் கேட்பதில்லை. அங்குசம் இல்லாமல் யானையை ஓட்ட முடியாது. அம்பாரி ஊர்வலத்துக்கு மட்டும்தான். இரண்டையும் ஒரே பில்லில் போட்டுவிட்டால் எது எதுவென்று தெரியாமல் போய்விடுகிறது. காடு மேட்டில் ஓடுவதற்கென்றே செய்யப்படும் ஜீப் வகை வண்டிகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் பாளையம்பட்டியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு இருக்கும்!) அப்பாவுக்கு நாலு தறி, திருச்சுழி போகிற வழியில் கொஞ்சம் கரிசல் காடு. மகனுக்கு மதுரையில் வேலை. வீட்டில் ஜீப் எடுப்பதாக முடிவாகிவிட்டது. எந்த மாடல் என்பதில்தான் பஞ்சாயத்து.

"எடுக்குறதே எடுக்குறோம், டாப் எண்டே எடுத்துருவோம்ப்பா. ஊருக்குள்ள வந்தா நாலு பேரு பாக்கணும்."

"நாலு பேரு பாக்குறதுக்கு எதுக்குடா கடன்? மழை பேஞ்சா காட்டு வரைக்கும் போகுமா, அத மட்டும் கேட்டுட்டு வா."

"விடுங்க மச்சான், பையன் ஆசப்படுறான்" என்று நடுவில் புகுவார் தாய்மாமன்.

மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆசையும் நியாயம்தான். ஆனால் விலைப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது அப்பா கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

மூன்று கம்பெனி, மூன்று வழி

முதலில் மாருதி சுசுகி ஜிம்னி. 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஜீட்டா, ஆல்ஃபா என்று இரண்டே படிகள். கீழ்ப்படியான ஜீட்டாவின் எக்ஸ் ஷோரூம் விலை 12.74 லட்சம், ஆல்ஃபா 13.69 லட்சம் (இரண்டும் மேனுவல் கியர்). வித்தியாசம் 95,000 ரூபாய். இரண்டிலும் அதே 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், அதே அடிச்சட்டம், அதே 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி, லோ ரேஞ்ச் கியரோடு கூடிய அதே 4 வீல் டிரைவ். ஆறு ஏர்பேக், இறக்கத்தில் வண்டியைப் பிடித்து இறக்கும் வசதி, பின்பக்கக் கேமரா எல்லாம் இரண்டிலும் உண்டு. அப்படியானால் 95,000 எதற்கு? அலாய் வீல், எல்.இ.டி. ஹெட்லைட், 7 அங்குலத் திரைக்குப் பதில் 9 அங்குலத் திரை, தானாக இயங்கும் ஏசி, பட்டன் ஸ்டார்ட், குரூஸ் கன்ட்ரோல். அதாவது கீழ்ப்படியிலேயே அங்குசம் கிடைத்துவிடுகிறது. மேல்படியில் அம்பாரி.

அடுத்து மஹிந்திரா தார் ராக்ஸ். 2024 ஆகஸ்ட் சுதந்திர தினத்தை ஒட்டி வந்தது. எம்எக்ஸ்1 தொடங்கி ஏஎக்ஸ்7எல் வரை ஆறு படிகள். ஆறு ஏர்பேக் எல்லாப் படியிலும் உண்டு, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 4 வீல் டிரைவ்? அது டீசலில் மட்டும், அதுவும் எம்எக்ஸ்5 முதல்தான். அறிமுக விலைப்படி அடிப்படை டீசல் வண்டி 13.99 லட்சம். 4 வீல் டிரைவ் உள்ளதில் மிகக் குறைந்தது 18.79 லட்சம். 4 லட்சத்து 80 ஆயிரம் வித்தியாசம்! அதே எம்எக்ஸ்5 டீசல், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையில் 16.99 லட்சம். ஆக, 4 வீல் டிரைவுக்கென்று கம்பெனி வைத்த விலை 1.80 லட்சம்தான். மீதி 3 லட்சம் அந்தப் படிக்கு ஏறுவதற்கான கூலி. சன்ரூஃப், லெதரெட் சீட் போன்றவற்றையும் சேர்த்து வாங்கினால்தான் சேற்றில் இறங்கும் சக்கரம் கிடைக்கும் என்ற ஏற்பாடு.

மூன்றாவது ஃபோர்ஸ் கூர்க்கா. 2024-ல் புதுப்பித்து வந்தபோது மூன்று கதவு, ஐந்து கதவு என்று உடலில்தான் வித்தியாசம். வசதியில் படிகளே கிடையாது. 4 வீல் டிரைவும், முன் பின் இரண்டு அச்சுகளுக்கும் டிஃபரன்ஷியல் லாக்கும் எல்லா வண்டியிலும் உண்டு. இது காட்டுக்குப் போகிற வண்டி, அதற்கு வேண்டியதைக் குறைக்க மாட்டோம் என்ற வழி.

கூரையில்லாத ரயில் பெட்டி

வணிகவியல் படிக்கிற மாணவர்கள் 'விலை வேறுபடுத்தல்' பாடத்தில் ஜூல் டுப்யூயி என்ற பிரெஞ்சுப் பொறியாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் காலத்து ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை இருக்காது. கூரை போடும் செலவை மிச்சம் பிடிக்கவா அப்படிச் செய்தார்கள்? இல்லை என்றார் அவர், 1849-லேயே. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது, அதற்குத்தான் ஏழையை வெயிலிலும் மழையிலும் விட்டார்கள் என்பது அவருடைய விளக்கம்.

பேஸ் மாடலில் சில சின்னச் சின்ன விஷயங்கள் இல்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது இந்தப் பாடம் ஞாபகம் வராமல் இருக்காது. எல்லாமே செலவை மிச்சம் பிடிக்க விட்டவையல்ல. சில, வாங்குபவரை அடுத்த படிக்குத் தள்ளுவதற்காக விட்டவை. 4 வீல் டிரைவுக்குக் கூடுதல் செலவு உண்டு, அதற்குத் தனி விலை வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதைத் தனியாகக் கொடுக்காமல் சன்ரூஃபோடு கட்டித் தருவது வேறு கதை. அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போகிறவர் யார்? அன்றைக்குக் கூரை போடாமல் பணம் பார்த்தார்கள். இன்றைக்குக் கூரையில் ஓட்டை போட்டுப் பணம் பார்க்கிறார்கள்!

ஒரு லட்சம் என்பது எவ்வளவு?

ஜிம்னியின் 95,000-ஐயே எடுத்துக்கொள்வோம். அது 95,000-ல் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால வரிப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். ஆக 95,000-க்கு வரி மட்டும் 17,100. மொத்தம் 1,12,100. இதை 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 2,350 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 1,41,000. இன்சூரன்ஸ் தனி.

ஐந்து வருடம் கழித்து அந்த அலாய் வீலும் திரையும் என்ன விலை போகும்? வண்டியின் மதிப்பை இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கிடும் வழக்கமான அட்டவணையே நாலு முதல் ஐந்து வயது வண்டிக்கு 50 சதவீதம் தேய்மானம் போடுகிறது.

20 லட்சத்தைத் தாண்டினால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அங்கே வரி 20 சதவீதம், அதுவும் முழு விலைக்கும். 19.95 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 3.59 லட்சம். 20.05 லட்சம் வண்டிக்கு 4.01 லட்சம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு மேலே ஏறினால் 42,000 ரூபாய் வரி! ஷோரூமில் எக்ஸ் ஷோரூம் விலையைக் கேட்டு முடிவு செய்யாமல், இரண்டு படிகளின் ஆன் ரோடு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாங்க வேண்டும் என்பது இதனால்தான். (மேலே சொன்னவை அறிமுகக் காலத்து விலைகள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதால் விலைகளும் மாறின. கணக்குப் போடும் முறை மாறவில்லை.)

மாதம் 2,350 ரூபாய் சென்னையில் கம்பெனி வேலை பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். பாளையம்பட்டி வீட்டுக்கு அப்படியல்ல. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் ஏமாற்றினால் மிளகாயும் பருத்தியும் கையை விரித்துவிடும். ஆனால் பேங்க்காரனுக்கு மழை பெய்ததா என்பது தெரியாது, அவனுக்குத் தேதிதான் தெரியும். மானாவாரி வருமானத்துக்கு மாதத் தவணை கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அவர் கஞ்சத்தனத்தால் பேஸ் மாடல் கேட்கவில்லை. பட்ட அனுபவத்தால் கேட்கிறார்.

கரிசல் என்ன கேட்கிறது?

கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் களிமண்ணாகச் சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொள்ளும். டயரின் பள்ளங்கள் அடைபட்டுவிட்டால் 4 வீல் டிரைவ் கூட நாலு சக்கரத்தையும் சேர்த்து வழுக்கத்தான் செய்யும். மண்ணைத் தொடுவது டயர்தான். திரை 7 அங்குலமா 9 அங்குலமா என்பது கரிசலுக்குத் தெரியாது!

அதோடு சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரையில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பேஸ் மாடலில் வரும் இரும்பு ரிம் அழகில்லைதான். ஆனால் கல்லில் இடித்து நெளிந்தால் பக்கத்துக் கடையில் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் பெரும்பாலும் புதிது வாங்க வேண்டியதுதான்.

ஆகவே கணக்கு எளிது. பின்னால் வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்ள முடிகிற எதற்கும் ஷோரூமில் பணம் கொட்டாதீர்கள். சீட் கவர், பாட்டுப் பெட்டி, அலாய் வீல் எல்லாம் அந்த வகை. பின்னால் போடவே முடியாதவற்றுக்குப் பணத்தைப் பார்க்காதீர்கள். 4 வீல் டிரைவ், லோ ரேஞ்ச், டிஃபரன்ஷியல் லாக், ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் இந்த வகை. மிச்சமாகும் பணத்தில் நாலு நல்ல டயர், ஒரு காற்றுப் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், வண்டியை இழுக்கும் பட்டை வாங்கினாலே போதும். அப்புறமும் பாக்கி இருக்கும்.

எதிர்த்தரப்பு நியாயமும் உண்டு

டாப் எண்ட் எடுப்பவரெல்லாம் ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சுழி, நரிக்குடி பக்கம் ராத்திரியில் ஆடு மாடு குறுக்கே வரும் ரோட்டில் நல்ல வெளிச்சம் என்பது அம்பாரி அல்ல, அங்குசம்தான். வெளியில் கண்ட பல்பை வாங்கி மாட்டினால் எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கிவிடும். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நாலு வழிச் சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்குக் குரூஸ் கன்ட்ரோல் உபயோகமான பொருள்தான். முழங்கால் வலி உள்ளவருக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆடம்பரம் இல்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். வருடத்தில் சில வாரங்கள்தான் கரிசல் சேறாகிறது. அப்போது வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து போகிறவர்களே அங்கே அதிகம். உழவுக்கும் சுமைக்கும் டிராக்டர் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு 4 வீல் டிரைவே அம்பாரியாகலாம்! பின்சக்கரம் மட்டும் இழுக்கும் அடிப்படை வண்டி அவர்களுக்குப் போதும். 2023 ஜனவரியில் மூன்று கதவு தாரை 2 வீல் டிரைவாக, 9.99 லட்சத்திலிருந்து மஹிந்திரா கொண்டு வந்தபோது "இதெல்லாம் ஒரு தாரா?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. தன் தேவையை அளந்து அதை வாங்கியவர் கிண்டலுக்கு உரியவர் அல்ல.

ஒருவருக்கு அங்குசம் இன்னொருவருக்கு அம்பாரி. அதைப் பிரித்துச் சொல்ல ஷோரூம்காரரால் முடியாது, விளம்பரத்தால் முடியாது. வண்டி எந்தப் பாதையில் ஓடப் போகிறது என்று தெரிந்தவரால்தான் முடியும்.

பாளையம்பட்டி வீட்டுப் பஞ்சாயத்துக்கும் தீர்ப்பு அதுதான். மகன் போகவேண்டியது முதலில் ஷோரூமுக்கு அல்ல. ஒரு நாள் மழை பெய்து முடிந்ததும் அப்பாவோடு காட்டுப் பாதையில் நடந்து பார்க்க வேண்டும். செருப்பில் எவ்வளவு மண் ஒட்டுகிறது என்று பார்த்தால், எந்த மாடல் எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நாலு பேர் பார்ப்பது ஒரு வாரம். தவணை அறுபது மாதம். யோசித்து எடுங்கள்!