ஐபிஎல்: வெளியே உட்காரும் 13 பேர் ஏன் முக்கியம்? ஆர்சிபி, சிஎஸ்கே கணக்கு சொல்வது என்ன?

2025 மே 3, பெங்களூரு சின்னசாமி மைதானம். ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு 2 ரன் வித்தியாசத்தில் சென்னை சூப்பர் கிங்ஸை வென்றது. அந்த ஸ்கோர்கார்டை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க.

14 பந்தில் 53 ரன் அடித்த ரொமாரியோ ஷெப்பர்ட், சீசன் தொடங்கியபோது ஆர்சிபி லெவனில் இல்லை. 33 பந்தில் 55 எடுத்த ஜேக்கப் பெத்தல், உடல்நலம் சரியில்லாத ஃபில் சால்ட்டுக்குப் பதிலாக ஆடியவர். எதிரணியில் 48 பந்தில் 94 ரன் குவித்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, சீசன் தொடங்கும்போது சிஎஸ்கே அணியிலேயே இல்லை. ருதுராஜ் கெய்க்வாட் காயமடைந்த பிறகு, பாதியில் வந்து சேர்ந்தவர்.

மூணு பேருமே மாற்று வீரர்கள்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஆர்சிபி தன் மாற்று வீரர்களை நவம்பரிலேயே வாங்கி வைத்திருந்தது. சிஎஸ்கே ஏப்ரலில் தேடியது. அந்த சீசனில் ஆர்சிபி முதல் முறையாகக் கோப்பையை வென்றது. சிஎஸ்கே 14 ஆட்டங்களில் 4-ல் மட்டும் வென்று, முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது.

பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல், பூதிகோட்டை பக்கத்துத் தமிழ் வீடுகளில் மஞ்சள் ஜெர்சியும் உண்டு, சிவப்பு ஜெர்சியும் உண்டு. இரண்டு தரப்புக்குமே இந்தக் கணக்கு பொருந்தும்.

பெஞ்ச் என்றால் எத்தனை பேர்?

ஒரு ஐபிஎல் அணியில் அதிகபட்சம் 25 பேர். களத்தில் 11 பேர். 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதிப்படி, டாஸ் நேரத்தில் 5 மாற்று வீரர்களின் பெயரைக் கொடுக்கலாம். அதில் ஒருவரை ஆட்டத்தில் இறக்கலாம். அதாவது ஒரு நாளில் அதிகபட்சம் 12 பேர் ஆடலாம். 25 பேர் கொண்ட அணியில் மீதி 13 பேர் வெளியேதான்.

பெஞ்ச் என்ற சொல்லுக்கு அதிக மதிப்புள்ள விளையாட்டு கூடைப்பந்து. ஐந்து பேர் ஆடுவார்கள். ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். 2025 என்பிஏ இறுதிச் சுற்றின் 3-வது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸின் பெஞ்ச் வீரர்கள் 49 புள்ளிகள் எடுத்தார்கள். ஓக்லஹோமா சிட்டியின் பெஞ்ச் எடுத்தது 18. பேசர்ஸ் 116-107 என வென்றது. அந்தத் தொடரை 4-3 எனக் கைப்பற்றியது ஓக்லஹோமாதான். ஆனால் ஒரு இரவின் முடிவை பெஞ்ச் எப்படி மாற்றும் என்பதற்கு இந்த 49-18 போதும்.

கிரிக்கெட்டில் அந்த வேலை மெதுவாக நடக்கிறது. அங்கே நிமிடத்துக்கு நிமிடம் ஆள் மாறும். இங்கே காயம், காய்ச்சல், ஃபார்ம் இழப்பு வந்தால்தான் மாறும். இரண்டு மாத சீசனில் இந்த மூன்றும் வராத அணி கிடையாது.

பணத்தை யார் எப்படிப் பிரித்தார்கள்?

2025 சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் ரூ.120 கோடி. சிஎஸ்கே ஐந்து பேரைத் தக்கவைக்க ரூ.65 கோடி ஒதுக்கியது. இது 54 சதவீதம். ஆர்சிபி மூன்று பேருக்கு ரூ.37 கோடி, அதாவது 31 சதவீதம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்துக்கு சிஎஸ்கே ரூ.55 கோடியோடும், ஆர்சிபி ரூ.83 கோடியோடும் போனது.

அந்த ஏலத்தில் ஆர்சிபி பெத்தலை ரூ.2.60 கோடிக்கும், ஷெப்பர்டை ரூ.1.50 கோடிக்கும் வாங்கியது. இரண்டும் சேர்த்தால் ரூ.4.10 கோடி, மொத்தத் தொகையில் வெறும் 3.4 சதவீதம்.

விலை குறைவு என்பது மட்டும் விஷயமில்லை. ரூ.8.75 கோடிக்கு வாங்கிய லியாம் லிவிங்ஸ்டன் ரன் எடுக்கத் திணறியபோது, கீழ்வரிசையில் அடித்து, பந்தும் வீசக்கூடிய ஷெப்பர்ட் தயாராக இருந்தார். கேப்டன் ரஜத் பட்டிதாருக்கு விரலில் அடிபட்டபோது அணியை வழிநடத்த ஜிதேஷ் சர்மா இருந்தார். லக்னோவுக்கு எதிராக 33 பந்தில் ஆட்டமிழக்காமல் 85 அடித்தார். ஒரு வேலைக்கு இரண்டு ஆள் என்பதுதான் திட்டம். இத்தனைக்கும் அந்த ஏலம் முடிந்தபோது ஆர்சிபி அணியில் இருந்தது 22 பேர்தான். தலை எண்ணிக்கை வேறு, பெஞ்ச் பலம் வேறு.

சிஎஸ்கே என்ன மாற்றியது?

2025-ல் பாதியில் சேர்த்த மாத்ரே 7 ஆட்டங்களில் 240 ரன், டெவால்ட் பிரெவிஸ் 6 ஆட்டங்களில் 225 ரன் எடுத்தார்கள். ஆள் கிடைக்காமல் இல்லை; தேடியது தாமதம்.

அதன்பின் நவம்பர் 15-ல் பெரிய டிரேட் உறுதியானது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போக, சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். டிசம்பர் 16-ல் அபுதாபி ஏலத்துக்கு சிஎஸ்கே ரூ.43.40 கோடியோடு போனது. சர்வதேச ஆட்டம் ஆடாத பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் தலா ரூ.14.20 கோடிக்கு வாங்கியது. அப்படிப்பட்ட வீரர்களுக்கு ஐபிஎல் ஏலத்தில் கிடைத்த அதிகபட்ச விலை இது. அந்த இருவருக்கே ரூ.28.40 கோடி; மற்ற ஏழு பேருக்குச் சேர்த்து ரூ.12.60 கோடி.

வேலை வாரியாகப் பார்த்தால்:

- விக்கெட் கீப்பர்: தோனிக்குப் பின்னால் சாம்சன், உர்வில் படேல், கார்த்திக் சர்மா. ஓட்டை அடைபட்டது.
- சுழல்: ஜடேஜா போய்விட்டார், அஸ்வின் ஐபிஎல்லில் ஓய்வு பெற்றுவிட்டார். நூர் அகமதுவோடு ராகுல் சாஹர், அகீல் ஹொசைன், பிரஷாந்த் வீர். எண்ணிக்கை சரி, அனுபவம் குறைவு.
- வேகம்: பதிரானாவை விடுவித்தார்கள், கொல்கத்தா ரூ.18 கோடிக்கு எடுத்தது. மேட் ஹென்றி ரூ.2 கோடிக்கு வந்தார். கேள்வி இன்னும் இருக்கிறது.

ஆக, பெஞ்ச் அகலமாகியிருக்கிறது. ஆனால் ஏலப் பணத்தில் 65 சதவீதம் இரண்டு இளைஞர்கள் மேல். ரூ.14 கோடி கொடுத்து வாங்கியவரை வெளியே உட்கார வைப்பது எந்தக் கேப்டனுக்கும் சுலபமில்லை.

உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நஷ்டம்?

2025 முதல் லெவனில் ஆடுபவருக்கும் இம்பாக்ட் பிளேயருக்கும் ஒரு ஆட்டத்துக்கு ரூ.7.5 லட்சம் தனியாகக் கிடைக்கிறது. 14 லீக் ஆட்டங்களும் ஆடினால் ரூ.1.05 கோடி. அடிப்படை விலை ரூ.30 லட்சத்துக்குப் போன ஒரு பையனுக்கு இது ஒப்பந்தத் தொகையைப் போல மூன்றரை மடங்கு. பெஞ்சில் இருந்தால் அது இல்லை.

இன்னொரு இழப்பு, ஆட்டப் பயிற்சி. என்பிஏவில் இடம் கிடைக்காத இளம் வீரர்களை ஜி லீக் என்ற துணை லீக்கில் ஆட அனுப்பலாம். ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதத்தில் இங்கே அப்படி ஒரு மேடை இல்லை, வலைப்பயிற்சிதான். அதனால்தான் மற்ற மாதங்களில் நடக்கும் சையத் முஷ்டாக் அலி கோப்பையும் மாநில லீக்குகளும் முக்கியம். தமிழ்நாட்டுக்கு டிஎன்பிஎல் மாதிரி, கர்நாடகாவுக்கு மகாராஜா டிராபி. வீட்டில் தமிழ் பேசினாலும் கோலார் மாவட்டத்துப் பையனுக்கு வழி கர்நாடக கிரிக்கெட் சங்கம் வழியாகத்தான்.

எதைக் கவனிக்கலாம்?

வரும் சீசனில் முதல் லெவனைப் பார்த்து மட்டும் அணியை எடை போடாதீங்க. டாஸில் கொடுக்கும் ஐந்து மாற்றுப் பெயர்களைப் பாருங்க. முதல் காயம் வந்ததும் அணி தன் பெஞ்சிலிருந்து ஆள் எடுக்கிறதா, வெளியே தேடுகிறதா என்று பாருங்க. வெளியே தேடினால், டிசம்பர் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.