தாளில் அடங்காத சுரம்

துருக்கிய மரபிசையில் வாய்ப்பாட்டைக் கற்பிக்கும் முறைக்கு ‘மெஷ்க்’ என்று பெயர். அழகெழுத்துக் கலையில், ஆசான் எழுதித் தரும் மாதிரியைப் பார்த்து எழுதிப் பழகுவதையும் அச்சொல்லே குறிக்கும். பாட்டு மாணவர் ஆசானின் எதிரே அமர்வார். ‘உசூல்’ எனப்படும் தாளத்தை இரு கைகளாலும் தொடைகளில் தட்டியவாறே, ஒவ்வோர் அடியையும் மனத்தில் பதியும்வரை திரும்பத் திரும்பப் பாடுவார். நினைவை மட்டுமே நம்பியதால் அழிந்த பாடல்களும் பல.

1926இல் இஸ்தான்புல் இசைப்பள்ளியில் மரபிசை கற்பித்தல் நிறுத்தப்பட்டது. 1975இல் அந்நகரில் மரபிசைக்கென அரசு இசைக்கல்லூரி நிறுவப்பட்டது. இன்றைய வகுப்பறையில் சுரத்தாளே முன்னிற்கிறது. அதனைப் பழிப்பது முறையன்று; ஆனால் அது மட்டும் போதாது. நம் இராகத்தை ஒருவாறு ஒத்த ‘மகாம்’களுள் ‘உஷ்ஷாக்’ என்பதை நோக்குக. முழுச்சுர இடைவெளியை ஒன்பது நுண்கூறுகளாகப் பகுப்பது துருக்கிய வழக்கு. உஷ்ஷாக்கின் இரண்டாம் சுரத்தை ஒரு கூறு தாழ்த்தி எழுதுவர். பாடும்போதோ, குறிப்பாக இறங்கிவருகையில், அது மேலும் தாழும். தாளை மட்டும் கற்ற மாணவர் எழுதியவாறே பிழையின்றிப் பாடுவார். உஷ்ஷாக் மட்டும் அங்கே இராது. எத்தனை கூறு தாழ்த்துவது என்பதை ஆசானின் குரலே உணர்த்தும்.

ஆதலால், பாடத்திட்டத்துள் சில பாடல்களையேனும் மெஷ்க் முறையில் கற்பித்தல் வேண்டும். மாணவர் முதலில் கேட்டுப் பாடட்டும். தாளைப் பின்னர்ப் பிரித்துக்கொள்ளலாம்.